பதினைந்து வருஷத்துப் பல்பு

பஸ் ஓட்டிய காலத்திலேயே டிரைவருக்கு ரிவர்ஸ் கியர் என்றால் ஆகாது. தப்பான தெருவுக்குள் வண்டியை விட்டுவிட்டால், "இப்படியும் ஒரு வழி இருக்கு" என்று ஊரைச் சுற்றி வந்து சேருவாரே தவிர, பின்னால் எடுக்க மாட்டார். ஓய்வு பெற்ற அன்று பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தார். குணத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்த மனிதர்தான் ஒரு சாயங்காலம், மச்சானுடைய எலக்ட்ரிக் கடையில், நாலு பேர் பார்க்க ஒரு சபதம் போட்டார். சபதம் என்றால் நாடு, மண், மானம் என்று எதற்காவது போடுவார்கள். இவர் ஒரு பல்புக்காகப் போட்டார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கூடப் பிறந்தவனைவிட ஒட்டுதல். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் டிரைவர் அந்தக் கடையில்தான் இருப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் அவருக்கென்றே ஒரு மர ஸ்டூல். எதிர்க்கடையிலிருந்து இரண்டு டீ வரும். பழைய ரூட்டு, பழைய இன்ஜின், பழைய மேனேஜர் என்று டிரைவர் ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டு வருவார். மச்சான் ஒயரை முழம் போட்டு அளந்துகொண்டே "ஆமா அத்தான்" என்பான். நாம் திட்டுவதற்கெல்லாம் தலையாட்ட ஓர் ஆள் கிடைப்பது லேசான கொடுப்பினையா? வீட்டில் தலையாட்ட யாரும் இல்லை. வீட்டில் இருந்தவள் பதில் சொல்வாள்.

அன்றைக்கு டிரைவர் ஒரு செத்த பல்பைக் கொண்டுபோயிருந்தார். கரண்டை மிச்சம் பிடிக்கிற பல்பு, சமையலறையில் மாட்டியது. பெட்டியில் 'பதினைந்து வருஷம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எரிந்தது ஒரு வருஷமும் சொச்சமும்.

மச்சான் பல்பை வாங்கிக் கழுத்தைப் பார்த்தான். அவன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பல்பு விற்றால் அதன் கழுத்தில் விற்ற தேதியை மார்க்கர் பேனாவால் எழுதி, கீழே ஒரு சுழி போட்டுத்தான் கொடுப்பான். வேறு கடைப் பல்பைக் கொண்டுவந்து இவன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

"கேரண்டி ஒரு வருஷம்தான் அத்தான். தாண்டிடுச்சு."

"பெட்டியில பதினஞ்சு வருஷம்னு போட்டிருக்கே."

"அது ஆயுசு. இது கேரண்டி."

"அப்போ மிச்சம் பதினாலு வருஷத்துக்கு யாரு பொறுப்பு?"

நியாயமான கேள்வி. எந்தப் பெட்டிக்காரனும் இன்றுவரை பதில் சொல்லாத கேள்வி. பெட்டியில் எழுதுகிறவனுக்கு என்ன, அவன் வீட்டுச் சமையலறையிலா மாட்டப்போகிறான்? பதினைந்து வருஷம் கழித்து அவன் எந்த வேலையில் இருப்பானோ, நாம் எந்த உலகத்தில் இருப்போமோ. அந்தத் தைரியத்தில் எழுதுகிறான்.

மச்சான் பெட்டியைத் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினான். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் எரித்தால்தான் அந்தக் கணக்காம். அதற்கு மேல் எரித்தால், அடுப்புச் சூடு பட்டால், கரண்ட் ஏறி இறங்கினால், எல்லாமே ஆயுசைத் தின்னுமாம். மூன்று மணி நேரம் ஆனதும் விளக்கை அணைத்துவிட்டு, தட்டு எங்கே, வாய் எங்கே என்று தடவிப் பார்த்துச் சாப்பிட வேண்டுமா என்று டிரைவர் கேட்டார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குத் தெம்பு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெட்டிக்காரனின் பரம்பரையை ஒருமுறை இழுத்து, அப்படியே கடைக்காரனின் நாணயத்துக்கு வந்தார்.

மச்சான் அதுவரைக்கும் பொறுத்திருந்தான். "பல்பு நல்ல பல்புதான் அத்தான். உங்க வீட்டுக்கு வந்தா எதுக்கும் ஆயுசு குறையும். எங்க அக்காவைப் பாருங்களேன்" என்றான்.

கடையே சிரித்தது. டீ கொண்டுவந்தவர்கூட டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு டிரைவரின் காதுக்குள் போய்க் குடியேறிவிட்டது. வாடகையும் தரவில்லை, காலியும் செய்யவில்லை.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். புதுப் பல்பு ஒன்றை எடுத்தார். மச்சான் தேதி எழுதிக் கொடுத்தான். டிரைவர் படியில் இறங்கி நின்றுகொண்டு சொன்னார்:

"இந்தப் பல்பு அணையிற அன்னிக்குத்தான் இந்தப் படி ஏறுவேன். அணைஞ்ச பல்பை உன் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டுத்தான் உன்கூடப் பேசுவேன். அதுவரைக்கும் நீ யாரோ, நான் யாரோ."

"அப்போ பதினஞ்சு வருஷம் கழிச்சுப் பார்ப்போம் அத்தான்" என்றான் மச்சான்.

டிரைவரின் கணக்கு வேறு. எட்டு மாசம், மிஞ்சினால் பத்து மாசம். பிறகு படியேறி, பல்பை நீட்டி, அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டு, பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டியதுதான். கோபத்துக்குக்கூடத் திரும்பி வரும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

வீட்டில் பல்பை மாட்டியது மனைவிதான். டிரைவருக்கு முழங்கால் தகராறு. ஸ்டூல் ஏறினால் இறங்குவதற்கு ஆள் வேண்டும். அவள் ஏறி மாட்டினாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். "தம்பி சொன்னதுல தப்பு ஒண்ணும் தெரியலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் டிரைவர் சமையலறையில் நாற்காலியைப் போட்டுப் பல்புக்கு அடியில் உட்கார்ந்தார். வேறு எங்கே போவார்? பல்பு அணையும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை வேறு. அவர் அண்ணாந்து பார்ப்பார். பல்பு அவரைப் பார்க்கும். ஒருவரும் கண் சிமிட்டவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மனைவி ஒரு கிண்ணம் பூண்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க. வெளிச்சமும் இருக்கு" என்றாள். டிரைவர் உரித்தார். மறுநாள் கிண்ணம் தட்டாயிற்று. கொஞ்ச நாளில் தட்டு முறம் ஆயிற்று. இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டில் இவ்வளவு பூண்டு எதற்கு என்று அவர் ஒருநாள் கேட்டார். ரத்தத்துக்கு நல்லது என்றாள். அதைச் சாம்பாரில் காணோமே என்று கேட்டார். கரைந்துவிடும் என்றாள்.

எட்டு மாசம் போயிற்று. பத்து மாசம் போயிற்று. வருஷம் திரும்பியது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

டிரைவருக்குக் கவலை வந்தது. தானாகச் சாகாத பல்பைச் சாகடிப்பது என்று இறங்கினார். பகலிலும் எரியவிட்டார். ஸ்விட்சை அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் போய்விடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மனைவி கடைத்தெருவுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, ஸ்விட்சுப் பக்கத்தில் நின்று டக்கு டக்கென்று போட்டுப் போட்டு அணைத்தார். எதிர்வீட்டு நெட்டையர் ஜன்னலுக்கு வந்து, யாருக்குய்யா சிக்னல் கொடுக்கிறீர், கப்பல் ஏதாவது வருகிறதா என்று கேட்டார். விஷயத்தைக் கேட்டதும், "அப்போ உங்க மச்சான்கிட்ட நல்லா பல்பு வாங்கினீங்கன்னு சொல்லுங்க" என்றார். தெருவில் அது ஒரு மாசம் ஓடியது.

என்ன செய்தும் பல்பு அசையவில்லை. சில நாள் காலையில் பார்த்தால் முன்னைவிடப் பளிச்சென்றுகூட எரிந்தது. இது என்ன, வயசாக ஆக இளமை திரும்புகிறதே என்று கேட்டால், புகை படிந்திருந்தது, துடைத்தேன் என்பாள் மனைவி.

இரண்டாம் வருஷத்தில் டிரைவருக்குக் கோபம் தீர்ந்துவிட்டது. சபதம்தான் தீரவில்லை. காய்கறி வாங்கப் போகிற சாக்கில் எதிர் ஓரமாக நடந்து கடையை ஓரக்கண்ணால் பார்ப்பார். ஸ்டூல் இருக்கும். அதன் மேல் அட்டைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். மச்சான் ஒயரை அளந்துகொண்டிருப்பான். 'ஆமா அத்தான்' என்று சொல்லாமல் அளப்பதால் முழம் தப்பாதா என்று இவருக்குத் தோன்றும். ஒருநாள் புது மேனேஜரைப் பற்றி டிப்போவிலிருந்து நல்ல சேதி ஒன்று வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து திட்டலாம், அப்படிப்பட்ட சேதி. யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னார். அந்த மேனேஜர் செய்தது சரிதான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லி மனைவி கிளம்பினாள். வாங்க, போகலாம் என்றாள். அவர் சட்டையைக்கூட மாட்டிவிட்டார். மாட்டினவர், சமையலறைப் பக்கம் பார்த்தார். காலையில் நன்றாக எரிந்த பல்பு.

"அது இன்னும் எரியுதே" என்றார்.

"மனுஷன் படுத்திருக்கான். நீங்க பல்பைப் பாக்கறீங்க."

"நாலு பேர் முன்னாடி சொன்ன வார்த்தை."

அவள் தனியாகப் போனாள். டிரைவர் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று, பல்புக்கடைக்காரர் எப்படியிருக்கிறார் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தார். நீங்கள் யார் என்று வாட்ச்மேன் திருப்பிக் கேட்டார். 'நீ யாரோ, நான் யாரோ' என்று டிரைவரே சொல்லி வைத்ததுதானே. ரூட் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் அவர் சமையலறைக்குள் போகவில்லை. அந்தப் பல்பு முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. முன்னறையிலேயே உட்கார்ந்து, அவள் கொண்டுவந்து வைத்ததைச் சாப்பிட்டார். மச்சான் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று சேதி வந்த பிறகுதான் மறுபடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் வருஷம் முடியப்போகிற சமயத்தில், மனைவி மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். சாயங்காலம் டிரைவர் பழக்க தோஷத்தில் சமையலறைக்குப் போனார். யாரும் சொல்லாமலே முறத்தை எடுத்தார். ஸ்விட்சைப் போட்டார். பல்பு ஒரு மின்னு மின்னிவிட்டு அணைந்தது.

மறுபடி போட்டார். இல்லை. இன்னொரு தரம். இல்லவே இல்லை.

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டு நெட்டையரைக் கூப்பிட்டு, ஸ்டூல்கூட வேண்டாமல் எட்டிக் கழற்றச் செய்தார். பல்பைத் துண்டில் பொதிந்து, பிறந்த குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். குளித்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்தார். மூன்று வருஷமாக நெஞ்சில் மனப்பாடமாக இருந்த பேச்சை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் திட்டு. கடைசியில், 'சரி, டீ சொல்லு' என்று முடியும்.

படி ஏறினார். மச்சான் நிமிர்ந்தான். முடி பாதி கொட்டியிருந்தது. சட்டை அவன் மேல் தொங்கியது. டிரைவருக்கு மனப்பாடமெல்லாம் மறந்துவிட்டது. பல்பை மட்டும் நீட்டினார்.

மச்சான் வாங்கினான். கண்ணாடியைப் போட்டான். பழக்கம் பாருங்கள், கழுத்தைத்தான் முதலில் பார்த்தான். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பல்பைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அத்தான், இது போன மாசத் தேதி."

"உளறாதே. மூணு வருஷமா எரிஞ்ச பல்பு."

"என் எழுத்து. என் சுழி. நீங்களே பாருங்க."

டிரைவர் பார்த்தார். அவனுடைய எழுத்துதான். சுழிகூடக் கோணலாக, எப்போதும் போடுகிற மாதிரியே இருந்தது.

மச்சான் எல்லாவற்றையும் மெல்லச் சொன்னான். முதல் பல்பு ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை. கேரண்டியில் மாற்றித் தருகிறேன் என்றாலும் கேட்காமல், அக்காதான் காசு கொடுத்து இன்னொன்று வாங்கிப் போனாள். அதுவும் போயிற்று, இன்னொன்று. அத்தான் ஸ்விட்சை வைத்து அடித்த அடியில் சில பல்பு மாசக் கணக்கில்தான் தாங்கியது. வாய் திறந்தால் உன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள், அவன் திறக்கவில்லை.

"அப்போ..." என்றார் டிரைவர். அவர் மெல்லக் கணக்குப் போட்டு வந்து சேர்ந்தார். "அப்போ நான் ஜெயிச்சுட்டேனா?"

"முதல் வருஷமே ஜெயிச்சுட்டீங்க அத்தான்."

ஜெயித்த சேதி இரண்டு வருஷத்துக்கு மேல் லேட்டாக வந்து நிற்கிறது. அவர் ஓட்டிய எந்த வண்டியும் அவ்வளவு லேட்டாக வந்ததில்லை. இவ்வளவு நாளும் அந்த ஸ்டூல் அவருக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இவர் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிர் ஓரமாக நடந்த நாளெல்லாம் கண் முன்னால் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு சைக்கிளாக நின்றதும் வந்தது.

மச்சான் புதுப் பல்பு ஒன்றை எடுத்துத் தேதி எழுதினான். "எடுத்துட்டுப் போங்க அத்தான். இதுக்குக் கேரண்டி இருக்கு" என்றான்.

மனைவி மறுநாள் வந்தாள். பையைக்கூட இறக்கவிடாமல் டிரைவர் பிடித்துக்கொண்டார். அவள் மறைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அரிசி டின்னைத் திறந்து, அரிசிக்குள் கைவிட்டு, மாற்றுப் பல்பை எடுத்துக் காட்டினாள். விடிகாலையில் ஸ்விட்சைப் போட்டு எரியவில்லை என்றால் அவர் எழுந்து வருவதற்குள் மாற்றிவிடுவாளாம். அதோடு நிற்கவில்லை. தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கு இவ்வளவு நாளாக உரித்த பூண்டு போவது இந்த வீட்டிலிருந்துதான் என்பதையும் சொன்னாள். பல்பு வாங்கியதெல்லாம் அந்தக் காசில்தான்.

"என் கையால உரிச்ச பூண்டுல எனக்கே பல்பு வாங்கினியா?"

"பின்ன, உங்களைக் கேட்டா வாங்க முடியும்?"

"முதல் பல்பு போனப்பவே சொல்லியிருக்கலாமே."

அவள் டின்னை மூடினாள். "சொன்னா நீங்க ஜெயிச்சிருப்பீங்க. மறுநாளே அந்த ஸ்டூலுக்குப் போயிருப்பீங்க. பஸ் ஓட்டினப்போ பஸ்ஸு, அப்புறம் கடை. நான் யாரோட பேசறது? நீங்க இந்த அடுப்படியில வந்து உக்காந்தது அந்தப் பல்பு வந்த அப்புறம்தான்."

டிரைவர் விடவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் கிடந்தபோதாவது விட்டிருக்கலாமே என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டேனே. அன்னிக்குத் திரும்பி வந்ததும் நானே நல்ல பல்பைக் கழட்டிட்டு, அரிசி டின்ல கிடந்த செத்த பல்பை எடுத்து மாட்டி வெச்சேன். நீங்க வந்து ஸ்விட்சைப் போட்டா ஓடுவீங்கன்னு, தம்பி வீடு திரும்பற வரைக்கும் ரெண்டு நாளும் மெழுகுவத்தியிலதான் சமைச்சேன். நீங்க உள்ளேயே வரலை."

பல்பின் மேல் இருந்த வன்மமெல்லாம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவரிடமே வந்து நின்றது. பெட்டிக்காரன் பொய் சொன்னான், சரி. அவன் பொய்யைப் பிடிக்கப் போய் இவர் இழந்ததை எந்தக் கேரண்டியில் மாற்றுவது?

மறுநாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி ஒரு சாயங்காலம்கூடக் கடைக்குப் போகாமல் விடுவதில்லை. மனைவி ஏதாவது சொன்னால் எதிர்த்துச் சொல்வதற்குப் பேச்சுக்கூடத் தயார் செய்து வைத்துக்கொண்டார். தேவைப்படவில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் போய்வருகிறேன் என்று அவள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். பூண்டு முறத்தைக் காணோம். உரிக்கிற கத்தியையும் காணோம். விட்டது தொல்லை என்று டிரைவர் தலையைச் சீவிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, எதிர் ஓரத்தில் நடக்காமல் கடை ஓரமாகவே நடந்து, நிமிர்ந்து படி ஏறினார்.

ஸ்டூல் மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை எடுத்திருந்தார்கள். தூசி தட்டித் துடைத்திருந்தார்கள். அதன் மேல் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். மச்சான் ஒயர் அளப்பதை விட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டே, அவள் சொல்வதற்கெல்லாம் "ஆமாக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க. இங்க வெளிச்சம் நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள், ஒயர் சுற்றி வருகிற காலிக் கட்டை ஒன்றைக் காலால் அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக டிரைவர் ரிவர்ஸ் கியரைத் தேடினார். பின்னால் மூன்று டீயோடு டீக்காரர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.